அட்டவணை சொன்னது, வசனம் மறுத்தது

1925ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி மாணவி, நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் கணக்கிட்டு எழுதினார். அவருடைய கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் வந்த மிக முக்கியமான விடை அநேகமாக உண்மையாக இருக்காது என்றும் அதே ஆய்வேட்டில் எழுதினார். அந்த வசனம்தான் பிழை.

அவருடைய பெயர் செசீலியா பெய்ன். பள்ளிப் புத்தகத்தில் சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று படித்திருப்பீர்கள். அதை முதலில் கண்டவர் அவர்தான். ஆனால் புத்தகங்களில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

நான் இப்போது கலாநிதிப் படிப்பில் மூன்றாம் வருடம். சித்தி தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "இன்னும் அந்த ஆராய்ச்சி முடியேல்லையோ பிள்ளை?" என்று கேட்பார். ஆய்வுகூட வேலை ஒருநாள் முடிந்துவிடும். அதில் கண்டதை எழுதுவதுதான் பெரிய பாடு. "இது காட்டுகிறது" என்று எழுதுவதா, "இது காட்டக்கூடும்" என்று எழுதுவதா? ஒரு சொல்லுக்காக அரை நாள் போய்விடும். அப்படியான நாட்களில் எனக்கு நினைவுக்கு வருவது செசீலியாதான்.

அவர் 1900ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். 1919இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரிக்குப் படிக்கப் போனார். அந்த ஆண்டு நடந்த சூரிய கிரகணத்தை ஆராய்ந்துவிட்டு வந்த ஆர்தர் எடிங்டன் அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தோழி ஒருத்திக்குப் போக முடியாததால் அவளுடைய நுழைவுச்சீட்டு செசீலியாவுக்குக் கிடைத்தது. அறைக்குத் திரும்பியதும், கேட்டதை எல்லாம் நினைவிலிருந்தே ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தாராம். வானியல்தான் தன் வழி என்று அவர் முடிவுசெய்ததும் அந்த இரவுக்குப் பிறகுதான்.

ஆனால் கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் இருந்தால் ஆசிரியை வேலைக்கு அப்பால் வழியில்லை என்று கண்டு, 1923இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்துக்குக் கப்பலேறினார். படிப்புக்காகவும் வாழ்வுக்காகவும் நாடு மாறுவது என்றால் என்னவென்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஹார்வர்டில் ஒரு புதையல் இருந்தது. நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்து, கண்ணாடித் தகடுகளில் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண் வானியலாளர் 2,25,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அவற்றின் நிறமாலையைப் பார்த்து வகைப்படுத்தியிருந்தார். அந்த நிறமாலைகளில் கறுப்புக் கோடுகள் தெரியும். எந்தத் தனிமம் இருக்கிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டும். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்த உடனே சொல்லிவிட முடியாது.

அந்தப் பூட்டுக்குச் சாவி இந்தியாவிலிருந்து வந்தது. கிழக்கு வங்காளத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த மேக்நாத் சாஹா, 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு வாயுவின் வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால், அதன் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அதைக்கொண்டு கணக்கிடலாம்.

இதை இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள். அதனால் வகுப்பில் மூன்று பேர்தான் என்று சொல்லிவிட முடியுமா? நிறமாலைக் கோடும் கை தூக்கிய அணுக்களை மட்டுமே காட்டும். சூரியனின் வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்களில் மிகமிகச் சிறிய பங்குதான், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கோடு போடும் நிலையில் இருக்கும். எத்தனைக்கு ஒன்று கை தூக்கும் என்று தெரிந்தால்தான் முழு வகுப்பையும் எண்ணலாம். சாஹாவின் கணக்கை வைத்து செசீலியா அதைத்தான் செய்தார்.

சிலிக்கன், கார்பன் போன்ற தனிமங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தபோது, விடை பூமியில் உள்ளதை ஒத்திருந்தது. சூரியனும் பூமியும் ஒரே மாதிரிப் பொருட்களால் ஆனவை என்பதுதான் அன்றைய விஞ்ஞானிகளின் நம்பிக்கை. ஆனால் ஹீலியம் அளவுக்கு மீறி வந்தது. ஹைட்ரஜனோ உலோகங்களைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வந்தது.

அவருடைய வழிகாட்டி ஹார்லோ ஷாப்லி, கையெழுத்துப் பிரதியைப் பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். இந்தத் துறையில் அமெரிக்காவிலேயே பெரிய பெயர் அவர். ஓர் இளம் விஞ்ஞானியின் எதிர்காலம் அவருடைய ஒரு சொல்லில் தங்கியிருந்த காலம். 1925 ஜனவரியில் அவரிடமிருந்து பதில் வந்தது. ஹைட்ரஜன் அவ்வளவு இருப்பது முடியவே முடியாத காரியம் என்றார்.

செசீலியா பணிந்தார். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் வந்த பெரிய அளவுகள் அநேகமாக உண்மையல்ல என்ற வசனம் ஆய்வேட்டில் சேர்ந்தது. பட்டமும் கிடைத்தது. ஹார்வர்ட் பெண்களுக்குக் கலாநிதிப் பட்டம் கொடுக்காததால், பக்கத்திலிருந்த ராட்கிளிஃப் கல்லூரி அதை வழங்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், ரஸ்ஸல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். தன் கட்டுரையில் செசீலியாவின் வேலையையும் குறிப்பிட்டார். ஆனால் கண்டுபிடிப்பின் பெருமை நெடுங்காலம் அவருக்கே போனது. சூரியனின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம் என்று இன்று நமக்குத் தெரியும்.

இதில் கெட்டவன் நல்லவன் கதை தேட வேண்டாம். ஒரு புது விடை பழைய அறிவோடு மோதினால், கவனமாக இரு என்று மூத்தவர் சொல்வது நியாயம். ஆய்வேட்டில் "ஒருவேளை", "அநேகமாக" என்று எழுதுவதும் கோழைத்தனம் அல்ல. நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொல்வது விஞ்ஞான எழுத்தின் பாதி வேலை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த "அநேகமாக" எங்கிருந்து வந்தது? செசீலியாவின் அளவீடுகளிலிருந்து அல்ல, ஒரு கடிதத்திலிருந்து வந்தது.

கவனமாகவும் உண்மையாகவும் எழுத வேறு வழி இருந்தது. எனக்கு வந்த எண் இது. இது இன்றைய கருத்துக்கு முரணானது. என் முறையில் எந்தப் படி பிழை என்று எனக்குத் தெரியவில்லை. வேறொரு முறையால் சோதிக்க வேண்டும். இப்படி நான்கு வசனங்கள் போதும். அதில் ஆணவமும் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை.

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும், அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் "நீங்கள் சொல்வது பிழை" என்பதற்கும் "எந்தப் படியில் பிழை என்று காட்டுவீர்களா?" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவதை எந்தப் பேராசிரியரிடமும் மரியாதையோடு கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செசீலியா வசனத்தைத்தான் மாற்றினார். அட்டவணையில் கைவைக்கவில்லை. ரஸ்ஸல் முடியாது என்று சொன்ன எண்ணை அப்படியே அச்சிட்டார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் தங்கள் விடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, அதனால்தான் இன்று அவர் பெயரை நாங்கள் சொல்கிறோம்.

1956இல் அவர் ஹார்வர்டில் முழுப் பேராசிரியரானார். 1976இல் அமெரிக்க வானியல் சங்கம் அவருக்குத் தன் உயர்ந்த கௌரவத்தைக் கொடுத்தது. அந்த விருதின் பெயர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் விருது! வயதான காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது அவர் ரஸ்ஸலைத் திட்டவில்லை. சரி என்று நம்பியதை வலியுறுத்தாமல் விட்டது தன் குறை என்றும், உண்மைகள் உறுதியாகத் தெரிந்தால் அவற்றுக்காக நில்லுங்கள் என்றும் இளையவர்களுக்குச் சொன்னார்.

உங்கள் அடுத்த விஞ்ஞான அறிக்கையில் எதிர்பாராத ஓர் எண் வந்தால், முதலில் கணக்கை மறுபடி பாருங்கள். பிறகு இன்னொரு தரம் பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால் அதை அழிக்காதீர்கள். அட்டவணையில் எழுதுங்கள், கீழே வரும் வசனத்திலும் அதையே சொல்லுங்கள்.