ரூம் நம்பர் கேட்ட கம்ப்யூட்டர்

போன லீவுக்குக் குமராட்சி போனப்போ வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல டெபியன் லினக்ஸ் போட்டேன். தங்கச்சிக்கு ஒரு அக்கவுண்ட் தொடங்கலாம்னு பார்த்தா முழுப்பெயர், ரூம் நம்பர், ஆபீஸ் போன், வீட்டு போன்னு வரிசையா கேட்குது. "இருக்கறதே ரெண்டு ரூம், அதுக்கு நம்பர் வேறயா?"ன்னு சிரிச்சா. அந்தக் கேள்விக்குப் பின்னாடி அரை நூற்றாண்டுக் கதை இருக்கு.

யூனிக்ஸ் வகை கணினிகளில் பயனர் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரி:

தங்கச்சி:எக்ஸ்:1001:1001:தங்கச்சி,,,:/ஹோம்/தங்கச்சி:/பின்/பாஷ்

ஏழு கட்டங்கள். பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விவரம், வீட்டு அடைவு, ஷெல். பயனர் எண் 0 என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அவர்தான் ராஜா!

ஐந்தாவது கட்டத்துக்கு 'ஜீகாஸ்' என்று பெயர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் பழைய இயங்குதளத்தின் பெயர் அது. பெல் லேப்ஸ்காரர்கள் யூனிக்ஸிலிருந்து அந்த மெஷினுக்கு பிரிண்ட் வேலை அனுப்புவார்கள். அங்கே கொடுக்க வேண்டிய அடையாளத்தை இந்தக் கட்டத்தில் வைத்தார்கள். அந்த மெஷின் போயிடுச்சு, பெயர் நின்னுடுச்சு. பிறகு அதில் ஆள் பெயர், அறை எண், போன் எல்லாம் குடியேறின.

இரண்டாவது கட்டம்தான் வில்லங்கம். எண்ணைப் பெயராக மாற்ற எல்லா நிரல்களுக்கும் இந்தக் கோப்பு வேணும். அதனால் யார் வேணும்னாலும் படிக்கலாம். கடவுச்சொல்லை உருமாற்றித்தான் வைத்தார்கள். ஆனாலும் 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தபோது 86 சதவீதம் எளிதில் ஊகிக்கக்கூடியவை! மெஷின்கள் வேகமாக, 1980களில் அதை 'ஷேடோ' என்ற தனிக் கோப்புக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். அதை ரூட் மட்டுமே படிக்கலாம். பழைய இடத்தில் மிஞ்சியது ஒரு 'எக்ஸ்'.

கதை அதோட முடியலை. பழைய பிஎஸ்டி மூலநிரலோடு அந்தக் காலத்துப் பாஸ்வேர்டு கோப்பும் பத்திரமாக இருந்தது. 2019இல் தாம்சனுடைய கடவுச்சொல்லையே உடைத்துவிட்டார்கள். ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் செஸ் காய்நகர்த்தல்! செஸ் கம்ப்யூட்டர் செய்தவருக்குப் பொருத்தம்தான். ஆனா ஊகிக்கக் கூடாதுன்னு உலகத்துக்குச் சொன்னவரோட ரகசியமும் நாப்பது வருஷம் கழிச்சு வெளிய வந்துடுச்சே. எழுதி வெச்சது எங்கேயும் போறதில்லை.

தங்கச்சி ரூம் நம்பருக்கு ஒண்ணும் எழுதாம எண்டர் தட்டிட்டா. கோப்புல மூணு கமா மட்டும் நிக்குது :-)