கம்ப்யூட்டரில் திடீர் திடீர்னு விளம்பரம் வருதா? ஆட்வேர் உள்ளே நுழைவது எப்படி, தடுப்பது எப்படி?

பிரவுசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாக பெயரே தெரியாத ஒரு தேடுதளம். எங்கே கிளிக் செய்தாலும் புதிய டேபில் விளம்பரம். உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இதெல்லாம் நடந்தால், ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருள் உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

யாரோ ஹேக் செய்துவிட்டதாகத்தான் பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கதவைத் திறந்துவிட்டது நாம் படிக்காமல் தட்டிய 'நெக்ஸ்ட்' பட்டன்தான்.

இலவசத்தோடு ஒட்டி வருவது

வீடியோ பிளேயர், பிடிஎஃப் கன்வெர்ட்டர் என்று ஏதோ ஒன்றை இலவசமாக டவுன்லோடு செய்கிறோம். இன்ஸ்டால் ஆகும்போது நடுவில் ஒரு திரையில், கேட்காத டூல்பாருக்கும் சேர்த்து ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். 'எக்ஸ்பிரஸ்' முறையில் போனால் அந்த டிக் கண்ணிலேயே படாது. 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்று தேர்வு செய்தால்தான் தெரியும். இப்படி சேர்த்து அனுப்புபவருக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசு. பிறகு கேள்வி கேட்டால், 'நீங்கதானே சம்மதம் கொடுத்தீங்க' என்று கைகழுவிவிடலாம்.

இதைச் செய்தது பெயர் தெரியாத தளங்கள் மட்டுமல்ல. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவாவோடு 'ஆஸ்க்' டூல்பார் பல வருஷம் ஒட்டிக்கொண்டு வந்தது.

புது லேப்டாப்பிலேயே இருந்தால்?

2014-ல் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. வாங்கியவர் எதையும் கிளிக் செய்யவே இல்லை. பூட்டு சின்னம் உள்ள பாதுகாப்பான தளங்களிலும் விளம்பரம் காட்டுவதற்காக, அது தன்னுடைய சொந்த பாதுகாப்புச் சான்றிதழை லேப்டாப்பில் நுழைத்துவிட்டது. எல்லா லேப்டாப்பிலும் அதற்கு ஒரே சாவி! அந்தச் சாவி கிடைத்த எவரும், பொது வைஃபையில் இருப்பவரின் வங்கி பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்க முடியும் என்ற நிலை. 2015-ல் விஷயம் வெடித்தது. 2017-ல் அமெரிக்காவின் 32 மாகாணங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்க லெனோவோ ஒப்புக்கொண்டது. விளம்பரம்தானே என்று ஆட்வேரை விட்டுவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

'அலோ' கொடுத்தால் வரும் வினை

இப்போது அதிகம் நடப்பது இதுதான். படம் பார்க்கும் தளம் ஒன்று, 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ கொடுங்கள்' என்று கேட்கும். நீங்கள் கொடுப்பது நோட்டிபிகேஷன் அனுமதி. அதற்குப் பிறகு அந்தத் தளத்தை மூடினாலும் திரையின் மூலையில் 'வைரஸ் எச்சரிக்கை' வந்துகொண்டே இருக்கும். அதில் போன் நம்பர் இருந்தால் கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை.

எக்ஸ்டென்ஷன்களிலும் கவனம் தேவை. பல லட்சம் பேர் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' கைமாறிய பிறகு, அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் நீக்கியது. நேற்று வரை நல்லதாக இருந்ததும் மாறலாம்.

நீக்குவது எப்படி?

முதலில் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் வந்தது எதுவென்று தெரிந்துவிடும். அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்து பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும், நோட்டிபிகேஷன் பட்டியலில் தெரியாத தளங்களையும் நீக்குங்கள். அப்படியும் போகவில்லையா? குரோமில் 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுக்கலாம், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அழியாது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் & பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள். இந்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவசமாக சுத்தம் செய்யும் டூல்கள் கிடைக்கின்றன.

இனிமேல் எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்கை நம்பி டவுன்லோடு செய்ய வேண்டாம்.

போலி எச்சரிக்கையை நம்பி ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், வங்கிக்குச் சொல்லிவிட்டு தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.