ஏழடியும் ஏய்ப்பும்

பெய்த மழையின் ஈரத்தைத் தன்னுள் தேக்கிப் பருத்தியை விளைவிப்பது கரிசல் மண். அம்மண் தேக்கிவைத்து விளைவித்த வேறொன்றும் உண்டு. கோவில்பட்டிக்கு வடக்கே, அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928ஆம் ஆண்டு புரோகிதர் இன்றி ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு அதனைக் குறிக்கிறது.

அந்நாளைய நிலை என்ன? இந்து ஆடவன் எத்தனை மணமும் செய்யலாம். பெண்ணுக்கோ ஒருவனே கதி! 1949இல் சென்னை மாகாணச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அத்தடையை இந்திய அளவில் விரித்தது. துணை உயிருடன் இருக்க, மணவிலக்கும் பெறாமல் செய்யும் இரண்டாம் மணம் தொடக்கம் முதலே செல்லாது. ஏழாண்டு வரை சிறையும் உண்டு. முதல் மணத்தை மறைத்து ஏய்த்தால் பத்தாண்டு வரை.

சட்டம் வந்தது, சடங்கு விட்டதா? சடங்கு இல்லாமையைக் காட்டி, சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம், 1953இல். 1965இல் உச்சநீதிமன்றம், இரண்டாம் மணம் முறையான சடங்குகளோடு நடந்ததென மெய்ப்பித்தால்தான் குற்றம் என்றது. தீ வளர்க்கவில்லை, ஏழடி வைக்கவில்லை. ஆகவே தண்டனை இல்லை! என்னே விந்தை! நேர்மையாக மணந்தவரை மணமக்கள் அல்லர் என்று தள்ளிய அதே சடங்கு, இருமுறை மணந்தவனுக்குக் கேடயமாயிற்று.

அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக உரைத்தாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். அதன் பயன் 2001இல் வெளிப்பட்டது. ஏழடி வைக்காததால் இரண்டாம் மணம் மணமே அன்று என வாதிட்ட தமிழ்நாட்டுக் கணவனிடம், இத்திருத்தத்தின்படி ஏழடி தேவையே இல்லை என்றது உச்சநீதிமன்றம். புரோகிதத்தை விலக்கப் பிறந்த முறை, ஏய்ப்பவன் ஒளிந்த பொந்தையும் அடைத்தது!

பிள்ளைகள் என் செய்தனர்? 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களைச் சட்டமுறைப் பிள்ளைகளாக்கியது. பெற்றோர்க்குரிய பூர்வீகச் சொத்துப் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டென 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எனினும், பாதிக்கப்பட்ட துணையோ, அவர் சார்பில் உறவினரோ முறையிட்டால் அன்றி இவ்வழக்கு எழாது. வருமானமும் துணையுமற்ற பெண் எவ்வாறு முறையிடுவாள்? 'சின்ன வீடு' என்று சிரித்து மழுப்பும் ஊர் அவளைத் தாங்குமா? தோழர்களே! நம் ஊரில் நடக்கும் ஒவ்வொரு மணமும் பதிவாகட்டும். ஏமாற்றப்பட்டவளைத் தூற்றாமல் துணைநிற்போம். அவள் ஈன்ற பிள்ளையைப் பழிக்கும் சொல் நம் நாவில் எழாதிருக்கட்டும். சட்டம் வழி திறந்தது; அவ்வழியில் அவளோடு நடப்பது நம் கடன்.