தரங்குறைந்த உயிர்கள்: இந்தியக் காப்பீட்டு வரலாற்றில் எச்.ஐ.வி.

1818இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஓரியண்டல் நிறுவனத்திலிருந்து இந்திய ஆயுள் காப்பீட்டின் வரலாறு எழுதப்படுகிறது. அக்கால நிறுவனங்கள் பெரிதும் ஐரோப்பியர்களுக்கானவை. இந்திய உயிர்களை அவை 'தரங்குறைந்த உயிர்கள்' என வகைப்படுத்திக் கூடுதல் பிரீமியம் விதித்தன. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியர்களை வழக்கமான கட்டணத்தில் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் இந்தியரின் உடல் மாறிவிடவில்லை, கணக்கிட்டவர்கள் மாறினார்கள்.

1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. உருவானது. அதன் ஒரு காப்பீட்டுத் திட்டம், அரசுப் பணியாளர் போன்ற நிலையான ஊதியம் பெறுவோருக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டிருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அவ்வரையறையை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. காப்பீட்டு நிபந்தனைகள் நியாயமானவையாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. எனினும் அவ்வழக்கு தொழில் சார்ந்த விலக்கலைப் பற்றியது. நோய் சார்ந்த விலக்கல் அதில் எழவில்லை.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பயனுள்ள மருந்து இல்லாத அந்நாளில் காப்பீட்டு மறுப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் அக்கணக்கு தளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசே ஏ.ஆர்.டி. மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. மரணத்துக்கு முன்னறிவிப்பாகக் கருதப்பட்ட தொற்று, நாள்தோறும் மருந்துண்டு பல்லாண்டு வாழத்தக்க நாட்பட்ட நோயாயிற்று. ஆனால் மருத்துவம் நகர்ந்த வேகத்தில் காப்பீட்டு விதிகள் நகரவில்லை.

இதன் விளைவு வீட்டுக் கடனில் தெளிவாகத் தெரிகிறது. இருபதாண்டுக் கடனுக்கு ஆயுள் காப்பீடு சட்டப்படி கட்டாயமன்று. நடைமுறையில் வங்கிகள் அதை வலியுறுத்துவதுண்டு. காப்பீடின்றிக் கடனாளி இறந்தால், அடமான வீட்டைக் காக்க எஞ்சிய தவணைகளைக் குடும்பமே செலுத்த வேண்டும். இயலாவிடில் வீடு ஏலத்துக்குப் போகலாம். தொற்றுள்ளவர் உண்மையைச் சொன்னால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். மறைத்தால், 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு குறுக்கிடும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூன்றாண்டுகள் நிறைவதற்குள் அம்மறைப்பைக் காட்டிப் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கலாம். இரு வழியிலும் இழப்பவர்கள் மனைவியும் மக்களுமே.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்தது. வீடு வாங்கவும் வாடகைக்குக் குடியிருக்கவும் உள்ள உரிமையை மறுப்பதும் அத்தடைக்குள் அடங்கும். காப்பீட்டை மறுப்பதும் தடையே. ஆயினும் காப்பீட்டுக் கணிப்பியல் ஆய்வுகள் ஆதரித்தால் மறுக்கலாம் என்றொரு விலக்கு அதே உட்பிரிவில் உண்டு.

சிக்கல் இவ்விலக்கில்தான் இருக்கிறது. ஒரு பிரிவினரின் இறப்பு வீதத்தை நிறுவனங்கள் தம் பாலிசிதாரர்களின் அனுபவத்திலிருந்து அறிகின்றன. பாலிசியே வழங்கப்படாதவர்களைப் பற்றி அத்தகைய அனுபவம் சேராது; அனுபவம் இல்லை என்பதே அடுத்த மறுப்புக்குக் காரணமாகிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டத்தை உடைத்தது சட்டமன்று. இந்திய உயிர்களை வழக்கமான கட்டணத்தில் ஏற்கத் துணிந்த ஒரு சங்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கைக் கேட்கும் உரிமையைத் தந்துள்ளது. எந்த ஆண்டின் இறப்பு வீதத்தை வைத்து, எந்தச் சிகிச்சைக் காலத்தை வைத்து அக்கணக்கு போடப்பட்டது என்று மறுக்கப்பட்டவர் கேட்கத் தொடங்கும்போதுதான் அவ்வுரிமைக்குப் பொருள் உண்டாகும்.