அமெரிக்கக் கவுண்டிப் பதிவேடுகளில் அடிமை முஸ்லிம்களின் தடம்

1788ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்சஸ் என்னும் ஊரில் ஒரு விற்பனைப் பத்திரம் எழுதப்பட்டது. அவ்வூர் அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. தாமஸ் ஃபாஸ்டர் என்னும் பண்ணையார் ஆப்பிரிக்கர் இருவரை 930 டாலர் விலைக்கு வாங்கினார் என்பதே அதன் சாரம். இருவரும் இன்னும் வேலைக்குப் பழக்கப்படாதவர்கள் என்ற பொருளில் ஒரு சொல் அதில் உண்டு. அவர்கள் எந்த நாட்டினர், எந்தக் குடும்பத்தினர், எந்த மார்க்கத்தினர் என்பது பற்றி ஒன்றுமில்லை. மாடு வாங்கிய சீட்டில் மாட்டின் வரலாற்றை யார் எழுதுவார்?

அவ்விருவரில் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூட்டா ஜல்லோன் இஸ்லாமிய அரசின் தலைவர் அல்மாமி ஸோரியின் மகன். அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் கற்றவர். குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிப் போருக்குச் சென்ற இடத்தில் பிடிபட்டு, கப்பலேற்றி விற்கப்பட்டார். நாற்பது ஆண்டுகள் ஃபாஸ்டரின் பண்ணையில் உழைத்தார். 1807இல், முன்னொரு காலத்தில் ஃபூட்டா ஜல்லோனில் நோயுற்றுக் கிடந்து அவருடைய தந்தையின் விருந்தாளியாக உயிர்பிழைத்த காக்ஸ் என்னும் மருத்துவர் அவரை நாட்சஸ் அருகே தற்செயலாகக் கண்டு அடையாளம் சொன்னார். அவ்வளவு சான்று இருந்தும் ஃபாஸ்டர் அவரை விற்க மறுத்துவிட்டார். 1826இல் இப்ராஹீமா அரபியில் எழுதிய கடிதம் ஒன்று மொராக்கோ வரை சென்றது. அந்நாட்டு சுல்தான் அவருக்காகப் பரிந்து கேட்டார். அதிபர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் காலத்தில், 1828இல் விடுதலை கிடைத்தது. மறு ஆண்டே லைபீரியாவில், பிறந்த மண்ணை மீண்டும் காணாமலே அவர் வஃபாத்தானார்.

இவ்வரலாற்றை டெர்ரி ஆல்ஃபோர்ட் என்னும் ஆய்வாளர் 1977இல் நூலாக வெளியிட்டார். அதற்கு அடித்தளமாய் நின்றவற்றுள் நாட்சஸ் நீதிமன்றப் பதிவுகளும் அடங்கும். ஸ்பானியர் விட்டுச்சென்ற அப்பதிவுகள் கட்டுப்புத்தகங்களாக, ஆடம்ஸ் கவுண்டி அலுவலகத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தவை. கொடியும் ஆட்சியும் மாறின. புத்தகங்கள் இருந்த ஊரிலேயே இருந்தன.

கவுண்டி என்பதை நம் வாசகர்கள் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவாக எண்ணிக்கொள்ளலாம். நிலக்கிரயம், அடமானம், உயில், இறந்தவரின் சொத்துப் பட்டியல், திருமண உரிமம், வழக்குகள் ஆகிய யாவும் அமெரிக்காவில் பெரும்பாலும் கவுண்டி அளவிலேயே பதிவாகின்றன. நம்மூர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தையும் உரிமையியல் நீதிமன்றத்தின் பதிவறையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது போன்ற ஏற்பாடு. அடிமைகள் சட்டத்தின் கண்ணில் சொத்து. ஆகவே நிலம் எங்கே பதியப்பட்டதோ அங்கேதான் மனிதரும் பதியப்பட்டனர்.

மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைத் தேடுபவர் ஏமாந்துபோவார். 1850, 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உரிமையாளரின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக நிற்கும். பெயர் இராது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டது 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான். அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் அங்கே ஒரு சுவரில் முட்டி நிற்கின்றன. அச்சுவரில் இருக்கும் சிறு வாசல் கவுண்டிப் பதிவறை. ஏனெனில் பண்ணையார் இறந்ததும் சொத்தைப் பங்கிட வேண்டும். பங்கிடுவதற்கு, இன்ன பெயருடையவர் இன்ன மதிப்பு என்று எழுதியாக வேண்டும். பேராசைக்காக எழுதப்பட்ட பட்டியலே இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளி ஆகியிருக்கிறது.

எழுதி வைப்பதன் அருமையை நாம் அறியாதவர்கள் அல்லர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்து சாட்சி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை. அமெரிக்க எழுத்தர்கள் எழுதினார்கள். நீதி அதில் இருந்ததா என்பது வேறு கேள்வி.

யாரோ மாமூத் என்பவரின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஃபுலானி இனத்தவரான அவர் 1752இல் மேரிலாந்து கரையில் விற்கப்பட்டார். பீல் என்னும் குடும்பத்தில் அடிமையாக இருந்தார். வீடு கட்டச் செங்கல் அறுத்துக் கொடுத்தால் விடுதலை என்று உரிமையாளர் புரூக் பீல் வாக்களித்தார். செங்கல் ஆயிற்று, வீடு எழும் முன்னே அவர் இறந்துபோனார். குடும்பம் சொல்லைக் காப்பாற்றியது. 1796இல் மகன் அப்டன் பீல் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தந்தையும் மகனும் மான்ட்கோமரி கவுண்டி நீதிமன்றத்தின் எழுத்தர்களாக அடுத்தடுத்துப் பணியாற்றியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அடிமை வைத்திருந்த குடும்பத்தின் பொறுப்பில்தான் பதிவேடும் இருந்தது.

விடுதலையானபோது யாரோவுக்கு வயது ஏறத்தாழ அறுபது. உழைத்துச் சேர்த்த நூறு டாலரை ஒருவரிடம் கொடுத்து வைத்தார், அது மூழ்கியது. மறுபடி சேர்த்தார், அதுவும் போயிற்று. மூன்றாம் முறை சேர்த்ததைக் காப்பாற்றிக்கொண்டார். 1800இல் ஜார்ஜ்டவுனில் ஒரு மனையும் வாங்கினார். அந்தக் கிரயம் பதிவாகியிருக்கிறது. 1819இல் சார்ல்ஸ் வில்சன் பீல் என்னும் புகழ்பெற்ற ஓவியர் (பெயர் ஒலி ஒத்திருந்தாலும் உரிமையாளர் குடும்பத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை) அவர் வீட்டுக்கே சென்று உருவப்படம் தீட்டினார். பன்றி இறைச்சியையும் மதுவையும் விலக்கி, இறைவனைத் துதித்து வாழும் முஸ்லிம் என்று தம் குறிப்பில் எழுதினார். அப்படம் இன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

படம் அவருடைய முகத்தைத் தந்தது. வாழ்வைத் தந்தவை பத்திரங்கள். ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்னும் வழக்கறிஞர் சொத்துப் பட்டியல், விடுதலைப் பத்திரம், கிரயம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கோத்து, 2012இல் அக்குடும்பத்தின் வரலாற்றை நூலாக்கினார். யாரோ 1823இல் இறந்தபோது, தம் தோட்டத்தில் தாம் தொழுகை நடத்திவந்த மூலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்று அக்கால இரங்கற்குறிப்பு சொல்கிறது. 2015இல் மாநகரத் தொல்லியலாளர்கள் அந்த மனையை அகழ்ந்தார்கள். கப்ரின் அடையாளம் கிடைக்கவில்லை. எங்கே தோண்டுவது என்பதைச் சொல்லியது 1800ஆம் ஆண்டின் அந்தக் கிரயமே.

இத்தகைய பதிவைத் தேடும் முறையையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பத்திரத்துக்கும் பள்ளிவாசல் மனைக்கும் மையவாடி நிலத்துக்கும் இதே வழிதான் பயன்படும்.

முதலில், அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று காண வேண்டும். எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஜார்ஜ்டவுனையே எடுத்துக்கொள்வோம்: 1748 வரை பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி, பிறகு ஃபிரெடெரிக், 1776 முதல் மான்ட்கோமரி, 1801இல் தலைநகர் மாவட்டம். ஒரே தெருவின் பத்திரங்கள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கலாம். அடுத்து, பொறுப்பான அலுவலரின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மிஸ்ஸிஸிப்பியில் சான்சரி எழுத்தர். வட கரோலினாவில் பத்திரப் பதிவாளர். ஜார்ஜியாவில் உயர்நீதிமன்ற எழுத்தர். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் சர்க்கியூட் நீதிமன்ற எழுத்தர். டெக்சாஸில் கவுண்டி எழுத்தர். தவறான சன்னலில் நின்றால் பதிவே இல்லை என்ற பதில் வரும். பதிவு அடுத்த அறையில் இருக்கும்.

ஒவ்வொரு பதிவறையிலும் விற்றவர் பெயர் வரிசை, வாங்கியவர் பெயர் வரிசை என இரண்டு அகரவரிசைப் புத்தகங்கள் உண்டு. நாம் வில்லங்கச் சான்று கேட்டால் அலுவலர் புரட்டுவது எதுவோ, ஏறக்குறைய அதுவே. அதிலிருந்து புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு நகல் கேட்பதே சிறந்த விண்ணப்பம். எங்கள் முன்னோர் பற்றிய எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று எழுதினால் எந்த அலுவலராலும் உதவ இயலாது. வெறும் நகலா, சான்றளித்த நகலா என்பதையும் குறிப்பிட வேண்டும், கட்டணம் வேறு. அடிமைகளைத் தேடும்போது உரிமையாளரின் பெயரைக் கொண்டுதான் தேட முடியும். இது கசப்பானது, வேறு வழியில்லை.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். பிலாலி என்பவர் ஓரிடத்தில் பென் அலி. இன்னோரிடத்தில் பு அல்லாஹ். வட கரோலினாவில் சிறைப்பட்டு, பின்னர் 1831இல் அரபியில் தன்வரலாறு எழுதிய உமர் இப்னு ஸயீத், ஆங்கிலேயர் வாயில் மோரோ ஆனார். நம் லெப்பைகளையும் மரைக்காயர்களையும் வெள்ளைக்கார அதிகாரிகள் எத்தனை விதமாய் எழுதினார்கள் என்பதைப் பழைய கெஜட்டியர்களில் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

உரிமையைப் பற்றி ஒரு பொதுவான மயக்கம் உண்டு. 1966ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கவுண்டிக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சட்டம் மத்திய அரசுத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். கவுண்டிகளை அந்தந்த மாநிலச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. மேரிலாந்தின் சட்டம் 1970இல் வந்தது, மிஸ்ஸிஸிப்பியின் சட்டம் 1983இல். எல்லோருக்கும் எல்லா மாநிலமும் கதவு திறக்கக் கடமைப்பட்டதும் இல்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒருவர் வர்ஜீனியாவின் ஹென்ரிக்கோ கவுண்டியிடம் சொத்துவரிப் பதிவுகளைக் கேட்டார். வெளிமாநிலத்தவர் என்பதால் மறுக்கப்பட்டார். 2013இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அம்மறுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் நிலக்கிரயமும் பழைய உயில்களும் பெரும்பாலும் யார் சென்றாலும் பார்க்கக் கூடியவையே. பத்திரம் மறைவாயிருந்தால் அதே நிலத்தை இருவருக்கு விற்கலாம் அல்லவா? அந்த அச்சத்தால்தான் பதிவேடுகள் திறந்தே வைக்கப்பட்டன. அடிமைகளின் பேரர்கள் வந்து புரட்டுவார்கள் என்று எவரும் அன்று நினைத்திருக்கமாட்டார்.

எரிந்துபோனவையும் உண்டு. உள்நாட்டுப் போரில் நீதிமன்றக் கட்டடங்கள் தீக்கிரையான வர்ஜீனியக் கவுண்டிகளை ஆய்வாளர்கள் எரிந்த கவுண்டிகள் என்றே அழைக்கிறார்கள். அங்கே ஒரு யாரோவோ ஓர் இப்ராஹீமாவோ இருந்திருந்தால், அவர்கள் பெயர் எழுதிய ஏடும் சாம்பலாகியிருக்கும்.

நாட்சஸில் அது நேரவில்லை. இப்ராஹீமா லைபீரியாவில் இறந்த அதே 1829ஆம் ஆண்டில் தாமஸ் ஃபாஸ்டரும் இறந்தார். அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டது. தந்தை விடுதலை பெற்றும் அடிமைகளாகவே விடப்பட்டிருந்த இப்ராஹீமாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பங்கீட்டில் அடங்கியிருந்தனர். அவர்களுள் சிலர் மட்டும், தந்தை தம் கடைசி ஆண்டில் ஊர் ஊராகச் சென்று திரட்டிய பணத்தால் மீட்கப்பட்டு, 1830இல் லைபீரியாவில் தாய் இஸபெல்லாவிடம் சென்று சேர்ந்தார்கள்.