அரிக்கமேட்டு மதுச்சாடிகள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தவளக்குப்பம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சுண்ணாம்பாற்றைக் கடந்து, நோணாங்குப்பம் வழியாக அரியாங்குப்பத்தை அடைந்து, காக்காயந்தோப்புப் பக்கம் திரும்பினால் ஆற்றங்கரையில் மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டைக் காணலாம். அதுவே அரிக்கமேடு. பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மாந்தோப்பும், பழைய சுவர் சிலவும், ஆற்றின் அமைதியும்தாம் உள்ளன.

போர்த்துக்கல் நாட்டில் தூரோ ஆற்றங்கரையில் மது முதிரும் நிலவறைகளைக் காண்பதற்கென்றே மக்கள் தொலைவிலிருந்து வருகின்றனர். நீண்ட வரிசையில் அடுக்கிய மரப்பீப்பாய்களில் போர்ட் ஒயின் அங்கே பல்லாண்டுகள் உறங்குகிறது. அயல்நாட்டு மது வந்திறங்கிய இடம் ஒன்று நம் பக்கத்திலும் இருந்தது என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். இருந்தது, ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. இன்று அதன் ஓடுகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. மதுவைப் புகழ இங்கு வந்தேனல்லேன். அந்த ஓடுகளைப் பற்றியே பேச வந்தேன்.

திராட்சை மது நெடும்பயணத்துக்கு ஏற்ற சரக்கன்று. சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் நுண்ணுயிர்கள், சாராயம் நூற்றுக்கு 14, 15 பங்கு அளவில் மிகும்போது பொதுவாகத் தாமே ஓய்ந்துவிடும். அந்த அளவுள்ள மது, வெப்பக் கடலில் மாதக்கணக்கில் குலுங்கினால் எளிதிற் புளித்துப்போகும். இதற்கு ஐரோப்பியர் பிற்காலத்திற் கண்ட மாற்று, காய்ச்சி வடித்த பிராந்தியை அதனுடன் கலப்பது. சாறு நொதிக்கும்போதே பிராந்தியைச் சேர்த்தால் நொதித்தல் நின்று இனிப்பு எஞ்சும். சாராய அளவும் ஏறக்குறைய 20 பங்காக உயரும். போர்ட் ஒயினின் மறைபொருள் இவ்வளவே. அத்லாந்திக் கடலிலுள்ள மதேராத் தீவின் மதுவுக்கோ நம் நாட்டோடே ஓர் உறவு உண்டு. இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் ஏற்றிய பீப்பாய்கள் சில விலையாகாமல் திரும்பிப் போயின. வெயிலிலும் அலையிலும் கெட்டிருக்கும் என்று திறந்தவர்கள், அது முன்னினும் சுவை மிகுந்திருக்கக் கண்டனர். அதன்பின் சுற்றி வருவதற்காகவே மதுவைக் கப்பலேற்றும் வழக்கம் தோன்றியது. பிற்காலத்தில் கப்பற்பயணத்துக்கு ஈடாக, கொட்டகையிலேயே மதுவைச் சூடேற்றி வைக்கலாயினர்.

ரோமப் பேரரசின் காலத்து வணிகரிடம் இந்தப் பிராந்தி இல்லை. அவர்கள் செய்தது வேறு. ஏஜியன் கடலிலுள்ள கோஸ் என்னும் தீவினர் திராட்சை மதுவிற் கடல்நீரைக் கலந்தனர். உப்பு மதுவைக் காக்கும் என்பது அவர்கள் பட்டறிவு. குறிப்பிட்ட அளவு மது தரவேண்டிய அடிமை ஒருவன், குறைந்ததை நிரப்பக் கடல்நீரை ஊற்றியதால் இவ்வழக்கம் பிறந்தது என்று பிளினி ஒரு கதை சொல்கிறார். கதை எவ்வாறாயினும், உரோமக் கேட்டோ தம் வேளாண்மை நூலில் கோஸ் மதுவைத் தம் நாட்டிலேயே செய்துகொள்ளும் முறையை எழுதிவைத்தார். கேட்டோ இறந்தது கி.மு. 149இல். ஆகவே போலிச் சரக்கும் பழமையானதே!

இம்மதுவைக் கொண்டுவந்தவை ஆம்போரா எனப்படும் இருகைச் சாடிகள். நீண்ட கழுத்து, இருபுறமும் பிடி, கூரான அடி, உட்புறத்திற் கசிவு தடுக்கும் பிசின் பூச்சு. கோஸ் சாடிக்கு ஓர் அடையாளம் உண்டு: அதன் ஒவ்வொரு பிடியும் இரண்டு தண்டுகளை ஒட்டவைத்தது போலிருக்கும். அத்தகைய பிடிகள் அரிக்கமேட்டிற் பல கிடைத்தன.

அவை நம் கவனத்துக்கு வந்த வரலாறு சுவையானது. வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடப்பதைக் காண 1769இல் புதுச்சேரியிற் காத்திருந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல் இவ்விடத்துப் பழஞ்சுவர்களைக் குறித்துச் சென்றார். பின்பு 1930களில் ழுவோ துப்ரேய் என்னும் அறிஞர் இங்குக் கிடைத்த மணிகளையும் பிறவற்றையும் திரட்டினார். 1944இல் தொல்லியல் துறைத் தலைவராய் வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றிற் சாடியின் கழுத்தும் பிடியும் கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார், புதுச்சேரியிலிருந்து என்றனர். அடுத்த ஆண்டே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அம்மண்ணில் அவர் அகழத் தொடங்கினார்.

வீலருக்கு வேண்டியது மதுவன்று, ஆண்டு. தென்னாட்டு மண்ணடுக்குகளில் ஏராளமான மட்கலங்கள் கிடைத்தன. அவை எந்த நூற்றாண்டின என்று சொல்ல நிலையான சான்று இல்லை. அரிக்கமேட்டிலோ சாடி ஓடுகளோடு, இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிறக் கலங்களும் கிடைத்தன. அவற்றில் குயவர் பெயர்முத்திரைகளும் இருந்தன. அப்பட்டறைகளின் காலம் உரோம வரலாற்றில் தெளிவானது. ஆதலால் அவை கிடந்த அடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்று வீலர் துணிந்தார். அதே அடுக்கில், உட்புறத்தில் வட்டமாகப் புள்ளிவரி இட்ட ரூலெட் தட்டுகளும் இருந்தன. அத்தட்டுகள் வேறு ஊர்களிற் கிடைத்தபோது அவ்வூர்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தமிழகத்துத் தொன்மைக்கு மண்ணிலிருந்தே ஆண்டுக்கணக்கு கிடைத்தது இவ்வாறுதான்.

ஆனால் பெரியவர் சொல்லும் பெரும்பிழையுடன் கலந்திருக்கலாம். ரூலெட் தட்டுகள் வெளிநாட்டவை என்று வீலர் எண்ணினார். அவை இந்தியக் குயவர் கைவேலையே என்று பின்னர்த் தெளிவாயிற்று. அரிக்கமேட்டை உரோமர் வந்து தோற்றுவித்த வணிகநிலையம் போல அவர் எழுதியதும் நிற்கவில்லை. 1947 முதல் கசால் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தாருடன் மீண்டும் அகழ்ந்தார். யவனர் சரக்கு வருமுன்பே அங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதும், மதுச்சாடிகள் இத்தாலியச் செங்கலங்களுக்கு முன்பே, கி.மு. காலத்திலேயே வரத் தொடங்கின என்பதும் இவ்வாய்வுகளால் விளங்கின. மணிகளைத் துளையிட்டுக் கோத்தவரும், பானையோட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தைக் கீறியவரும் இவ்வூரார். துறைமுகம் இருந்தது, அதைத் தேடியே மது வந்தது.

அதைக் குடித்தவர் யார்? சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில் என்னும் அம்மையார் ஒரு நுட்பத்தைக் கண்டார். மதுச்சாடிகள் முந்தியவை, ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்த சாடிகள் பிந்தியவை. ஒலிவ எண்ணெயை விரும்பி உண்பவர் யவனரேயன்றி நம்மவரல்லர்; ஆகவே அவை வந்த காலத்தில் யவனர் சிலர் இங்குத் தங்கியிருக்கலாம். அதற்கு முன் வந்த மது நம் செல்வர்க்கே ஆகியிருத்தல் வேண்டும். நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறப்பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலை மன்னன் பொற்கலத்தில் அருந்துவதாகக் கூறுவது இதற்கு ஒத்திருக்கிறது. நம் நாட்டிலும் தேறல் உண்டு. மூங்கிற்குழாயில் முதிரவைத்த தேன்கள்ளைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. எனினும் கடல் கடந்து வந்ததற்கு ஒரு பெருமை இருந்தது போலும். அவ்வாசை இன்றும் முற்றும் ஒழிந்ததாகத் தோன்றவில்லை.

அரிக்கமேட்டு மதுச்சாடியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்திற் காணலாம். கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்குவதற்காகவே கூராகச் செய்த அதன் அடி, தாங்கல் இல்லாமல் தரையில் நிற்பதில்லை.