எம்.பி. அண்ணாதுரை: தோற்ற ஓட்டுகளும் தம்பிக்கு எழுதிய கடிதங்களும்

காஞ்சிபுரம் எபிசோட்னு சொன்னதும் பட்டு, கோயில், இட்லி, இந்த மூணுல ஒண்ணுலதான் தொடங்குவேன்னு நினைச்சிருப்பீங்க. இன்னிக்கு அது எதுவும் இல்லை. 1962 சட்டமன்றத் தேர்தல்ல இதே ஊர்ல, சொந்த ஊர்க்காரங்க ஓட்டுலயே தோத்துப்போன ஒருத்தரைப் பத்திப் பேசப்போறோம்.

சி.என்.அண்ணாதுரை. பேரு எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்ல அண்ணா பேர் இல்லாத பஸ் ஸ்டாண்ட் கிடையாது. எனக்கு டிகிரி கொடுத்த பல்கலைக்கழகத்துக்கே அவர் பேர்தான். ஆனா அவர் வாழ்க்கையில எல்லாரும் வேகமா தாண்டிப் போற ஒரு பகுதி இருக்கு. 1949ல் தி.மு.க. தொடங்கினார், 1967ல் முதலமைச்சர் ஆனார். இந்த ரெண்டுக்கும் நடுவுல, 1962லிருந்து 1967 வரை, அவர் டெல்லியில ராஜ்யசபா எம்.பி. அந்த அஞ்சு வருஷம்தான் இந்த எபிசோட்.

முதல்ல அந்தத் தோல்வி. 1957ல் தி.மு.க. முதல்முறையா தேர்தல்ல நின்னு சட்டமன்றத்துக்கு 15 பேரை அனுப்புச்சு. அண்ணா காஞ்சிபுரத்துல ஜெயிச்சார். சின்ன வயசுல இதே ஊர் நகராட்சி ஆபீஸ்ல கொஞ்ச காலம் கிளார்க்கா வேலை பார்த்தவர், நெசவாளர் சமூகத்துப் பிள்ளை, இங்கிருந்தே 1942ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினவர். ஊர் அவரை அனுப்பினதுல ஆச்சரியம் இல்லை. அடுத்த தேர்தலுக்குள்ள காமராஜர் அந்த 15 பேரையும் திரும்ப வரவிடக் கூடாதுன்னு தனித்தனியா ஆள் பார்த்து நிறுத்தினார். காஞ்சிபுரத்துல நிறுத்தினது எஸ்.வி.நடேச முதலியாரை. பஸ் முதலாளி. முடிவு என்ன? கட்சி 15லிருந்து 50க்கு வளர்ந்துச்சு. ஆனா பழைய 15 பேர்ல கருணாநிதி ஒருத்தர் தவிர எல்லாரும் காலி. அண்ணாவும்தான்.

அந்த 50 எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டுத்தான் அவர் ராஜ்யசபாவுக்குப் போனார். இதைக் கொஞ்சம் நிதானமா கவனிங்க. ராஜ்யசபா எம்.பி.க்குத் தொகுதின்னு ஒண்ணு கிடையாது. மனு கொடுக்க வாசல்ல நிக்கிற வாக்காளர் கிடையாது. அமெரிக்காவுல செனட்டர் ஒருத்தர் தன் மாநிலத்து மக்களுக்கு நேரடியா பதில் சொல்லியே ஆகணும். இங்க அப்படி இல்லை. சட்டப்படி பார்த்தா அண்ணா 1962ல் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதே இல்லை.

ஆனா அவர் எழுதிட்டே இருந்தார். 1950கள்ல 'திராவிட நாடு' இதழ்ல தொடங்கின பழக்கம் அது. "தம்பி" என்று தொடங்கும், "அண்ணன், அண்ணாதுரை" என்று முடியும். நடுவுல பக்கம் பக்கமா ஓடும். 1964லிருந்து 'காஞ்சி' என்ற இதழ்ல வந்துச்சு. ஊர்ப் பேரையே இதழுக்கு வெச்சிருக்கார் பாருங்க, தோற்கடிச்ச ஊரோட பேரை. இந்த இதழ்கள் படிப்பகத்துலயும் சலூன்லயும் டீக்கடையிலயும் கிடக்கும். ஒருத்தர் சத்தமா படிப்பார், பத்துப் பேர் கேட்பாங்க. (பாட்காஸ்ட்னு நாம பெருமையா சொல்லிக்கிறதை அறுபது வருஷம் முன்னாடியே செஞ்சுட்டாங்க.)

இப்போ டெல்லிக்குப் போவோம்.

எம்.பி.க்களோட வருகை, கேட்ட கேள்வி, கலந்துக்கிட்ட விவாதம் எல்லாமே இன்னிக்கு எண்ணா இணையத்துல கிடைக்குது. ஆபீஸ்ல நான் செய்றதும் டாஷ்போர்டு வேலைதான், அதனால எண்கள் மேல எனக்குத் தனி ஆசை உண்டு. அண்ணாவோட அஞ்சு வருஷத்துக்கு ஒரு டாஷ்போர்டு போட்டா எப்படி இருக்கும்? படுமோசமா இருக்கும். அவர் எதிர்த்த பெரிய மசோதாக்கள் நிறைவேறின. ஆதரிச்ச முக்கியமான மசோதா தோத்துச்சு. நடுவுல சபைக்குப் போக முடியாம மாசக்கணக்குல ஜெயில்ல இருந்தார்.

அவரோட முதல் பேச்சு 1962ல், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி சொல்ற தீர்மானத்து மேல. புதுசா வந்த உறுப்பினர் வழக்கமா அடக்கமா நாலு வார்த்தை பேசிட்டு உட்காருவார். இவர் எழுந்து நின்னு, நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், எங்களுக்குத் தனிநாடு வேணும்னு ஆங்கிலத்துல சொன்னார். வங்காளி மேலயோ மராட்டியர் மேலயோ குஜராத்தி மேலயோ எனக்குக் கோபம் இல்லைன்னும் சேர்த்துச் சொன்னார். சபை கொதிச்சுப்போச்சு.

அதே ஆண்டு, விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்துக்காக வேலூர் ஜெயிலுக்குப் போனார். அக்டோபர்ல வெளியே வந்தபோது எல்லையில சீனாவோட போர். தி.மு.க. பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தி வெச்சு, போருக்கு ஆதரவு கொடுத்துச்சு. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும்னு அண்ணா சொன்னதா மேடைகள்ல இன்னிக்கும் சொல்றாங்களே, அது இந்த நேரத்தோடதுதான்.

1963ல் வந்தது அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம். தேர்தல்ல நிக்கிற எவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும். பிரிவினையைக் கொள்கையா வெச்சிருக்கிற கட்சி தேர்தல்ல நிக்க முடியாதுன்னு அர்த்தம். நாட்டுல அப்படி ஓட்டுக் கேட்ட பெரிய கட்சி எதுன்னு எல்லாருக்கும் தெரியும். அண்ணா ராஜ்யசபாவுல எதிர்த்தார். இறையாண்மை மக்கள்கிட்ட இருக்கு, அதைக் காக்க மக்களோட வாயை எதுக்கு அடைக்கிறீங்கங்கிறதுதான் வாதத்தோட சாரம். திருத்தம் நிறைவேறுச்சு.

இப்போ அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கட்சி தொடங்கின நாளிலிருந்து சொன்ன கோஷம் 'திராவிட நாடு'. இதழோட பேரே 'திராவிட நாடு'. அது நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு ஈ.வெ.கி.சம்பத் 1961லேயே கட்சியை விட்டுப் போயிட்டார். ரெண்டே வருஷத்துல அதே கோரிக்கையைக் கைவிடுறோம்னு தொண்டன்கிட்ட சொல்லணும். 1963ல் தி.மு.க. அதை அதிகாரபூர்வமா கைவிட்டுச்சு.

இந்த இடத்துல இன்னிக்கு ஒரு கட்சியா இருந்தா ஒரு ட்வீட் போட்டு, அதுக்கு கமெண்ட்டையும் ஆஃப் பண்ணிடுவாங்க. அண்ணா என்ன செஞ்சார்னா விளக்கினார். கோரிக்கையைக் கைவிட்டோம், ஆனா அந்தக் கோரிக்கை எழுந்ததுக்கான காரணங்கள் அப்படியேதான் இருக்குன்னு சொன்னார். தனிநாடு போச்சு, மாநிலத்துக்கு அதிக அதிகாரம் வந்து உட்கார்ந்துச்சு. அவருக்கு இது சுலபமா இருந்திருக்காது. சம்பத் பக்கம் நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன், அதைக் கட்சி அப்போ பெருந்தன்மையா ஒத்துக்கலை. ஆனாலும் பின்வாங்குறதை ஒளிச்சு வைக்காம, பின்வாங்குறோம்னே சொல்லி, படிக்கிறவனைக் கூட வெச்சுக்கிட்டது சாதாரண வேலை இல்லை. அண்ணன் தம்பின்னு கூப்பிடுற அந்த உறவு முறைதான் இதுக்கு உதவுச்சு. தலைவர் தொண்டனுக்கு அறிக்கை விட்டா கேள்வி வரும். அண்ணன் உட்கார வெச்சுச் சொன்னா தம்பி கேட்டுக்குவான். அது அந்த வடிவத்தோட பலம், கூடவே பலவீனமும். தம்பி எதிர்த்துக் கேள்வி கேட்குற கடிதம் அதுல வராது. தங்கச்சி இருந்தா, அவ தம்பியோட தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்த்துப் படிச்சிருக்கணும்.

அதே 1963ல் ஆட்சிமொழி மசோதா. 1965 ஜனவரி 26க்கு அப்புறமும் ஹிந்தியோட ஆங்கிலம் தொடரலாம்னு சொல்ற சட்டம். அந்த "லாம்"லதான் சண்டை. ஆங்கில வாசகத்துல இருந்த சொல் 'மே'. 'ஷல்' கிடையாது. 'மே'ன்னா 'ஷல்'ன்னுதான் அர்த்தம்னு நேரு சமாதானம் சொன்னார். அப்போ 'ஷல்'னே போட்டுட வேண்டியதுதானேன்னு எதிர்த்தரப்பு கேட்டுச்சு. கூட வேலை பார்க்கிற எந்த இன்ஜினியர்கிட்ட இதைச் சொன்னாலும் சிரிக்கிறாங்க. இன்டர்நெட் நெறிமுறை எழுதுறவங்களுக்காகவே 1997ல் ஆர்.எஃப்.சி. 2119னு ஒரு ஆவணம் வந்துச்சு. அதுல 'ஷல்'ன்னா கட்டாயம், 'மே'ன்னா விருப்பம், அவ்ளோதான். மெஷினுக்கே வித்தியாசம் புரியணும்னு எழுதி வெச்ச விஷயத்தை, நாற்பது கோடிக்கு மேல மக்கள் இருந்த நாட்டுல ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. இருக்கிற நிலையே தொடரட்டும், ஆங்கிலம் இருந்தா சாதகமும் பாதகமும் எல்லாருக்கும் சமமா விழும்னு அண்ணா ராஜ்யசபாவுல வாதாடினார். சட்டம் 'மே'யோடவே நிறைவேறுச்சு.

நவம்பர் 17ஆம் தேதி, அரசியலமைப்பின் 17ஆவது பகுதியை, அதாவது ஆட்சிமொழிப் பகுதியை, எரிக்கிற போராட்டம்னு அறிவிச்சாங்க. முந்தின நாளே கைது. ஆறு மாசத் தண்டனை. அந்தச் சிறை நாட்களை எழுதி, 'கைதி எண் 6342' என்ற தலைப்புல 'காஞ்சி' இதழ்ல வெளியிட்டார். டாஷ்போர்டுல வருகை பூஜ்யம்னு காட்டுற மாசங்கள்ல தம்பிக்குப் படிக்க நிறையவே இருந்துச்சு.

அந்த அஞ்சு வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு விவாதம். சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு'ன்னு பேர் மாத்தணும்னு கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா ராஜ்யசபாவுல ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். வங்காளி கொண்டுவந்த மசோதா! இதே கோரிக்கைக்காக விருதுநகர்ல சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர்ல உயிரை விட்டிருந்தார். 1963ல் அண்ணா அந்த மசோதாவை ஆதரிச்சுப் பேசினார். அந்தப் பேர் பழைய இலக்கியத்துல இருக்கான்னு கேட்டவங்களுக்குச் சிலப்பதிகாரம், மணிமேகலை வரைக்கும் எடுத்து வெச்சார். பேர் மாத்தி உங்களுக்கு என்ன கிடைக்கப்போகுதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. பார்லிமென்ட்டை லோக்சபான்னும், கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்யசபான்னும், பிரசிடென்ட்டை ராஷ்டிரபதின்னும் மாத்தி நீங்க என்ன அடைஞ்சீங்கன்னு திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சபையில பதில் இல்லை. ஓட்டு மட்டும் இருந்துச்சு, மசோதா தோத்துச்சு.

1965ல் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, துப்பாக்கிச்சூடு, உயிர்ச்சேதம், பிரதமர் சாஸ்திரி வானொலியில உறுதிமொழி. அதுக்குத் தனியா ஒரு எபிசோட் வேணும். இங்க ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். 1967 தேர்தல்ல தி.மு.க. ஜெயிச்சப்போ, அந்த ஓட்டு 1965ன் கோபத்துல மட்டும் விழலை. டெல்லியில தோத்த ஒவ்வொரு விஷயமும் என்னன்னு வாராவாரம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு கூட்டம் இங்க உருவாகியிருந்துச்சு. தொகுதி இல்லாத எம்.பி., கடிதம் எழுதி எழுதித் தனக்கு ஒரு தொகுதியை உண்டாக்கிக்கிட்டார். இது என்னோட கணிப்பு, மறுக்கிறவங்க மறுக்கலாம்.

1967 மார்ச் 6ஆம் தேதி முதலமைச்சர். அதுக்கு அப்புறம் நடந்ததைப் பார்த்தா, தோத்த பழைய கோப்புகளை ஒண்ணொண்ணா திறந்த மாதிரி இருக்கு. ஜூலை 18ல் பேர் மாற்றத் தீர்மானம், இந்தத் தடவை சொந்த சட்டமன்றத்துல. டெல்லியில ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினாங்க. ஹிந்தியை ஏத்துக்காத மாநிலங்களோட மத்திய அரசு நடத்துற தொடர்புக்கு ஆங்கிலம்தான்னு 'ஷல்' உள்ள வந்துச்சு. ஆனா கூடவே மும்மொழித் தீர்மானமும் வந்ததால, 1968 ஜனவரி 23ல் அண்ணா இங்க இருமொழித் தீர்மானம் கொண்டுவந்தார்.

ராஜ்யசபாவோட சம்பந்தம் இல்லாத ஒண்ணையும் சொல்லணும், விட மனசில்லை. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கின சட்டம். இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு. ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிறோம்னு சொன்னாலும் போதும், அல்லது மாலையோ மோதிரமோ போட்டாலும் போதும், அல்லது தாலி கட்டினாலும் போதும். ஐயர் வேண்டாம், தாலியும் கட்டாயம் இல்லை. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் செல்லும். அந்தக் குடும்பங்கள்ல பிறந்த பிள்ளைகளோட சொத்துரிமை இந்த "அல்லது"ல தொங்கிட்டிருந்துச்சு. 'மே'க்கும் 'ஷல்'லுக்கும் நடுவுல அடிபட்டவங்களுக்கு ஒரு இணைப்புச் சொல்லோட விலை தெரிஞ்சிருக்கும்.

1968ல் அவருக்குப் புற்றுநோய். நியூயார்க்ல சிகிச்சை எடுத்துக்கிட்டுத் திரும்பினார். அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த பேர் மாற்றச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றுச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி வேண்டாம்னு ஓட்டுப் போட்ட ராஜ்யசபாவும் ஒத்துக்கிச்சு. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்னிக்கு, 'தமிழ்நாடு' நடைமுறைக்கு வந்துச்சு.

அந்தப் பொங்கலுக்கும் தம்பிக்குக் கடிதம் போச்சு. ஆட்சிக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, ஆனா மாநிலத்துக்கு அதிகாரம் போதாது, கூட்டாட்சி பேர்ல மட்டும்தான் இருக்குங்கிறதுதான் அவர் கவலை. பிப்ரவரி 3ஆம் தேதி அவர் இறந்துட்டார்.